வேற கம்பெனி ஜா

கடைக்காரன் சொன்ன விலையில் பாதிக்கு ஒரு பொருளை முடித்துவிட்டால் இளஞ்செழியனுக்கு அன்று முழுக்க நடையே மாறிவிடும். நெஞ்சு முதலில் வரும், ஆள் பின்னால் வருவான். அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் வந்தான். டெல்லி சாவ்ரி பஜாரில் மெட்ரோ ஏறி, ஐ.என்.ஏ.யில் இறங்கி, தோளில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் லிஃப்டில் ஏறினான். "இம்போர்ட்டட் மெஷின் ஹை ஜி" என்று உள்ளே நின்ற சர்தார்ஜியிடம் அவர் கேட்காமலே சொன்னான்.

கனிமொழி பால்கனியில் வெயில் விழுகிற மூலையாகப் பார்த்து உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்க மூடிக் கிடந்த பனி அன்றுதான் விலகி, வெயில் என்று சொல்லிக்கொள்ளும்படி ஏதோ ஒன்று வந்திருந்தது. அதை விட்டுவிடக் கூடாதென்று ப்ளாக் முழுக்கப் பெண்கள் பால்கனிக்கு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரி முள்ளங்கி சீவினாள். மேல்மாடியில் யாரோ ரஜாய்ப் போர்வையைக் கம்பியில் போட்டு அடிக்கிற சத்தம் கேட்டது.

"பட்டாணிய அங்கிட்டு வையி. இதப் பாரு."

கனிமொழி பார்த்தாள். "என்ன, துப்பாக்கியா?"

"ப்ரெஸ் மெஷின். உன் தம்பி வச்சிருக்கான்லா, அதேதான். அவன் வெளிநாட்டுல சம்பாதிச்சத எல்லாம் கொட்டி வாங்கினான். நான் அதுல கால்வாசிக்கு முடிச்சிட்டேன். பேரு மட்டுந்தான் வேற. உள்ள எல்லாம் ஒண்ணு. ஒரே பேக்டரியில செஞ்சு வேற வேற ஸ்டிக்கர் ஒட்டுதான்."

"யாரு சொன்னா?"

"கடைக்காரன்."

"விக்கிறவனே சொல்லிட்டானா. அச்சா" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி பட்டாணியை எடுத்தாள்.

இளஞ்செழியனுக்குச் சொந்த ஊர் ஆலங்குளம். கனிமொழிக்கு மத்திய அரசு வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தபோது அவளோடு வந்தவன். குவார்ட்டர்ஸ் அவள் பெயரில். சம்பளம் அவள் பெயரில். அவன் பெயரில் இருந்தது விசிட்டிங் கார்டு மட்டும்தான். அதுவும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்றாக மாறும். தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் விற்றான். கம்பெனி வடிகட்டி விலை அதிகம் என்று வேறு ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்து, ஆர்.கே.புரத்தில் ஒரு வீட்டு நடுக்கூடத்தைக் குளமாக்கினான். இன்வெர்ட்டர் விற்றான். அதன் பெட்டி ஒரு ஊர், பாட்டரி ஒரு ஊர். இரண்டும் சேர்ந்து இருக்க மறுத்தன. ஒவ்வொன்றும் 'கம்பெனிக்காரன் எல்லாம் கொள்ளைக்காரன்' என்ற முழக்கத்தோடு தொடங்கி, கடைசியில் அவர்களுடைய பாக்ஸ் கட்டிலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கனிமொழி அந்தக் கட்டிலின் மேல்தான் தினமும் தூங்கினாள்.

இந்த முறை குழாய் வேலை. கட்வாரியா சராயில் ஹரிஷங்கர் என்பவர் வேலை பார்க்கிற பெண்களுக்கு ஒரு பி.ஜி. விடுதி நடத்தினார். மொட்டை மாடியில் புதிதாக பாய்லர் வைத்து எல்லா மாடிக்கும் வெந்நீர் விட வேண்டும், ஸ்டீல் பைப் போட வேண்டும். இளஞ்செழியன் அதை எடுத்துவிட்டான். எடுத்த பிறகுதான் மெஷின் வாங்கினான்.

அந்த மெஷின் செய்கிற வேலை பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பைப்பை 'பிட்டிங்' என்கிற இணைப்புத் துண்டுக்குள் செருகுவார்கள். பிட்டிங்கின் வாயில் ரப்பர் வளையம் இருக்கும். மெஷினின் முன்னால் மாட்டியிருக்கும் இரும்புத் தாடை அந்த இடத்தைக் கவ்வி நசுக்கும். தாடையை 'ஜா' என்பார்கள். கவ்வு சரியாக விழுந்தால் கட்டடம் இடிகிற வரைக்கும் ஒழுகாது. விழாவிட்டால் அது சும்மா செருகி வைத்த பைப், அவ்வளவுதான்.

பச்சைப் பெட்டியோடு வந்த ஜா சாப்பாட்டு மேசையிலேயே பல்லை இளித்துவிட்டது. மாதிரிக்கு ஒரு துண்டுப் பைப்பில் அமுக்கிக் காட்டினான் இளஞ்செழியன். பிட்டிங் ஒரு பக்கம் பிதுங்கி, பிசிறு கிளம்பி, எலி கடித்த மாதிரி இருந்தது.

"ஜாதான் கொஞ்சம் மட்டம்" என்றான் அவன், பிசிறைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு. "மெஷின் தங்கம். வடிவேலு ஜாவ இதுல மாட்டினா அவன் மெஷினே தோத்துப்போவும்."

மறுநாள் வடிவேலு சாப்பிட வந்தான். கனிமொழியின் தம்பி. முனிர்காவில் ஊர்க்காரப் பையன்களோடு ஒரு அறையில் இருந்தான். கத்தாரில் பல வருடம் பைப் வேலை பார்த்துவிட்டு, இப்போது டெல்லி ஓட்டல்களில் வேலை. நல்ல வேலைக்காரன்தான், அதை மற்றவர்கள் சொல்ல அவன் காத்திருப்பதில்லை. பேச்சில் தோஹா வராமல் அவனுக்குச் சோறு இறங்காது. 'தோஹாவுல இப்படிக் குளிராது', 'தோஹாவுல இத நாய்க்குக்கூட போட மாட்டான்' என்று அக்கா வீட்டுத் தயிரைக்கூட விட்டுவைக்க மாட்டான்.

அன்றைக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். அவனுக்காக ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நல்ல தேங்காயாகத் தட்டிப் பார்த்து வாங்கி வந்து அரைத்திருந்தாள். ஹீட்டர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இளஞ்செழியன் மெஷினைக் கொண்டுவந்து வைத்தான்.

வடிவேலு அதைத் தொடவில்லை. கை சோற்றுக் கை என்பதால் அல்ல.

"அத்தான், ஒண்ணு கேக்கேன், கோவப்படப்படாது. இத வாங்கையில உங்ககூட யாராவது இருந்தாவளா, இல்ல தனியாத்தான் ஏமாந்தியளா?"

"மாப்ள, சிரிக்காத. ஜா மாட்டுத பின்னு ஒரே அளவு. உன் ஜாவ இதுல மாட்டு, சொத்துனு உக்காரும்."

"உக்காரும். எதிர்வீட்டுக்காரன் செருப்புகூடத்தான் என் காலுல உக்காரும். அதப் போட்டுக்கிட்டு மலையேற முடியுமா?"

"எல்லாம் இரும்புதானடே."

"இரும்புதான். உக்காருறது வேற, அமுக்குறது வேற அத்தான். கடைசியில ஒரு நூலு மூடாம நிக்கும். உங்க கண்ணுக்குத் தெரியாது. தண்ணிக்குத் தெரியும்." அவன் அக்கா பக்கம் திரும்பினான். "துவையல் இன்னும் இருக்கா? தோஹாவுல ஒரு பாகிஸ்தானி இப்படித்தான் கண்ட மெஷினுல கம்பெனி ஜாவ மாட்டிட்டான். இஞ்சினியரு பாத்தான் பாரு, அன்னைக்கு மத்தியானமே மூட்டையக் கட்ட வச்சிட்டான்."

"ஒரு வாரத்துக்கு உன் ஜாவக் குடு மாப்ள. வாடகை தாரேன்."

"என் டூத் பிரஷ்ஷ வேணும்னா எடுத்துக்கிடுங்க. ஜா கிடையாது."

கனிமொழிக்குச் சிரிப்பு வந்தது. துவையல் கிண்ணத்தை எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போய்ச் சிரித்தாள். புருஷனைத் தம்பி இப்படி வாரும்போது அவளுக்கு எப்போதும் ஒரு குளுகுளுப்பு இருக்கும். தான் சொல்ல நினைத்ததை இன்னொருத்தன் சொல்லிவிடுகிறான். தன் வாய் சுத்தமாக இருக்கிறது.

பொங்கலுக்கும் அதை ஒட்டி வந்த மாமா மகன் கல்யாணத்துக்கும் வடிவேலு ஊருக்குக் கிளம்பினான். போகிற அன்று தன் மெஷின் பெட்டியைக் கொண்டுவந்து அக்கா வீட்டில் வைத்தான். அறையிலிருக்கும் பையன்களை நம்ப முடியாது என்றான். பெட்டிக்குச் சின்னப் பூட்டு. சாவியை அவள் கையில் கொடுத்து, "அத்தான் கேட்டா சாவி தொலஞ்சிட்டுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இளஞ்செழியன் அன்று சாயங்காலமே கேட்டான்.

"அந்தச் சாவி எங்க?"

"எதுக்கு?"

"ஜாவ மட்டும் எடுத்துக்கிடுதேன். அவன் வாரதுக்குள்ள திருப்பி வச்சிரலாம். அவன் மெஷின நான் தொடவே போறதில்ல, என்கிட்டதான் மெஷின் இருக்கே."

"அவன்தான் குடுக்க மாட்டேன்னுட்டானே."

"அவனுக்குப் பொறாம. கேக்கத மட்டும் குடு. இந்த வேல முடிஞ்சா ஹரிஷங்கரு அடுத்த கட்டடமும் எனக்குத்தான்னு சொல்லியிருக்காரு. காலையில போனா ராத்திரிதான் வருவேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. அவன் வீட்டில் இருக்கிற காலைகள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. அவள் ஆபீஸுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் டீயோடு சோபாவில் கால் நீட்டி, டி.வி.யைப் பார்த்து நிதியமைச்சருக்கு யோசனை சொல்வான். காலையில் போய் ராத்திரி வருகிற புருஷன் என்பது அவளுக்கு ஒரு ஊட்டி டிக்கெட் மாதிரித் தோன்றியது.

"எடுத்துட்டுப் போங்க" என்று சாவியை மேசைமேல் வைத்தாள். "என்னமும் செய்யுங்க. ஒழுங்கா திருப்பி வைங்க."

அவன் சொன்னபடி காலையில் போனான். வீடு அமைதியாக இருந்தது. கனிமொழி தனியாக நின்று காபி குடித்தாள். சாயங்காலம் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வெந்தயக் கீரையும் கொய்யாப்பழமும் வாங்கிக்கொண்டு அவசரமில்லாமல் நடந்து வந்தாள். புனேயில் படிக்கிற மகள் மது போன் செய்து, "மம்மி, பப்பா எங்க?" என்று கேட்டபோது, "வேலைக்குப் போயிருக்காவ" என்று சொல்வதில் ஒரு ருசி இருந்தது. மகளுக்கே நம்பிக்கை வரவில்லை. "சச்சி?" என்றாள்.

"உக்காந்துட்டு" என்று முதல் நாள் இரவே வந்து சொன்னான் இளஞ்செழியன். "சொத்துனு உக்காந்துட்டு. உன் தம்பி சொன்னாம்பாரு செருப்பு, மலையேற்றம்னு. மலையே ஏறிட்டேன்."

"டெஸ்ட்டு ஏதோ பண்ணணும்னு வடிவேலு சொல்லுவானே?"

"தண்ணிய திறந்து விட்டேன். ஒழுகல. அதுக்கு மேல என்ன டெஸ்ட்டு? நோட்டீஸ்ல ஆயிரம் எழுதுவான். கம்பெனிக்காரன் பயமுறுத்தினாத்தானே அவன் சாமான் ஓடும்."

அவள் சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள். அவளுக்கு அந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவனைப் பற்றித் தெரியும். அது போதுமானதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

வேலை முடிந்த அன்று அவன் சீக்கிரமே வந்துவிட்டான். அவள் ஆபீஸிலிருந்து வரும்போது அடுக்களையில் விளக்குப் போட்டுக்கொண்டு நின்றான். கையில் வடிவேலுவின் ஜா. அவளுடைய தோசைக்கல் துணியால், அவளுடைய தேங்காய் எண்ணெயைத் தொட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். எந்தச் சாமானையும் துடைத்து வைக்கிற ஆள் அல்ல அவன்.

"கொண்டாங்க பாப்போம்."

"எண்ணெ. கையில ஒட்டும்."

அவள் வாங்கிப் பார்த்தாள். கனமாக இருந்தது. தாடையின் வளைவு முடிகிற இடத்தில், எண்ணெய்க்கு அடியில், தலைமுடி மாதிரி ஒரு கோடு. நகத்தை வைத்து இழுத்தாள். நகம் மாட்டி நின்றது.

"என்ன இது?"

"அதுவா? டிசைன்."

"கீறியிருக்கு."

"கம்பெனிக்காரன் போடுத கோடு அது. அளவுக்கு. இவ பெரிய இஞ்சினியரு." அவளிடமிருந்து வாங்கி, பெட்டிக்குள் வைத்து, பூட்டி, சாவியை அவள் கையிலேயே கொடுத்தான். "இன்னா. வச்சது வச்ச மாதிரி இருக்கு. சந்தோசமா?"

அவளுக்குச் சந்தோஷமில்லை. ஆனால் சண்டைக்கும் தெம்பில்லை. சண்டை போட்டு ஜெயித்தால் அவன் திருந்துவான் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தாள். இப்போது அவனோடு சண்டை போடுவதே அவனுக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்தாள். துணியைச் சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டாள்.

வடிவேலு வந்த அன்று பனி மறுபடி மூடியிருந்தது. ரயில் நேரம் தப்பி வந்து, நேராக அக்கா வீட்டுக்கே மூட்டையோடு வந்துவிட்டான். கல்யாண வீட்டில் பெண் வீட்டார் போட்ட பந்தி மட்டம், ஊர் வெயில் மட்டம், ரயில் டீ மட்டம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே அடைதோசை தின்றான். அப்போது இளஞ்செழியனின் போன் அடித்தது. பேரைப் பார்த்ததும் அவன் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினான். சாத்தியும் கேட்டது.

"ஹான் ஜி... ஹான் ஜி, பாய் சாப்... தோடா சா லீக் ஹோகா ஜி... அபி ஆதா ஹூம், ஜல்தி ஆதா ஹூம்..."

உள்ளே வந்தபோது முகத்தில் ஒரு இனிப்பு இருந்தது. கனிமொழிக்கு அந்த இனிப்பைத் தெரியும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதும் அதே முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தான்.

"மாப்ள, ஒரு சின்ன உதவி. ஹாஸ்டல்ல நேத்துதான் பாய்லர ஓட விட்டிருக்கான். மேல்மாடியில ரெண்டு ஜாயிண்டு லேசா கசியுதாம். நீ உன் மெஷின எடுத்துட்டு வந்து ரெண்டு அமுக்கு அமுக்கிரு. அஞ்சு நிமிச வேல."

வடிவேலு தோசையை மென்று முடிக்கிற வரைக்கும் காக்க வைத்தான். அவன் வாழ்நாளிலேயே ருசியாகச் சாப்பிட்ட தோசை அதுவாகத்தான் இருக்கும்.

"ஏன் அத்தான், உங்க தங்கம் என்னாச்சு?"

"அது சார்ஜ் நிக்க மாட்டேங்குது."

"எந்த ஜாவுல அடிச்சிய? எலி கடிச்சதுலயா?"

"ஆமா" என்றான் இளஞ்செழியன். கண் இமைக்கவில்லை.

"அக்கா, கேட்டியா? இவுக சம்பந்தம் பண்ணினது எனக்குல்லா கேவலம். சரி வாரேன். ஆனா அந்த ஹரிஷங்கருகிட்ட நீங்களே சொல்லணும், 'இவன்தான் வேலக்காரன், நான் சும்மா பேச்சுக்காரன்'னு. இந்தியில சொல்லணும்." கையைக் கழுவிவிட்டு வந்து பெட்டியைத் தூக்கினான். "சாவி எங்கக்கா? ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

"அங்க போயி திறந்துக்கிடலாம் மாப்ள" என்றான் இளஞ்செழியன். ஒரு கால் ஷூவுக்குள் இருந்தது, மற்றது இன்னும் நுழையவில்லை. "நேரமாச்சு. இங்க திறந்து கெடக்க வேண்டாம். வா, வா."

கனிமொழி சாவியோடு நின்றாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது சொல்வான் என்று காத்திருந்தாள். நாடா முடிச்சு விழுந்தது. மப்ளரை எடுத்துச் சுற்றினான். கதவைத் திறந்து லிஃப்ட் பட்டனையும் அமுக்கினான். அவன் சொல்லப்போவதில்லை. தம்பி அந்த மெஷினை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அமுக்குகிற வரைக்கும், அமுக்கின பிறகும், சொல்லப்போவதில்லை.

"வடிவேலு, அத எடுக்காத. ஜா கீறியிருக்கு."

லிஃப்ட் வந்து, திறந்து, மூடிக்கொண்டு போனது.

வடிவேலு பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தான். ஜாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். நகத்தை வைத்து இழுத்தான். அதை அத்தானின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இது வெடிச்சா எங்க வரும் தெரியுமா அத்தான்? மூஞ்சில வரும். கண்ணுல வரும்."

"எனக்கு எப்படித் தெரியும் மாப்ள, அது பழைய கோடுன்னு நெனச்சேன்..."

"நீங்க பேசாதிய. உங்ககிட்ட நான் கேக்கவே இல்ல." அவன் அக்காவைப் பார்த்தான். "பூட்டு ஒடையல. சாவி உன்கிட்டதான இருந்துச்சு?"

"ஆமா."

"நீதான் குடுத்தியா?"

"ஆமாடா."

"இவுக இப்படின்னு ஊருக்கே தெரியும். புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. நீ? நீ இவுகள மட்டமாத்தான் நெனைக்க. நான் இவுகளக் கேலி பண்ணுனா அடுக்களைக்குள்ள போயி சிரிக்க, எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. மட்டமா நெனைச்சுக்கிட்டே சாவிய எடுத்துக் குடுத்துருக்க. கீறலப் பாத்துட்டும் வாயத் தொறக்கல. அப்ப நீ யாருக்கா? பெரிய மனுஷியா?"

அவன் ஜாவை ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு படியில் இறங்கிப் போனான். மூட்டை அங்கேயே கிடந்தது.

கதவைச் சாத்திவிட்டு இளஞ்செழியன் அவள் பக்கம் திரும்பினான். அவனுக்கு உண்மையிலேயே கோபம்.

"இப்ப எதுக்குச் சொன்ன? ரெண்டு ஜாயிண்டு. அடிச்சிட்டு வந்திருப்பான். முடிஞ்சிருக்கும்."

"வெடிச்சிருந்தா?"

"எங்க வெடிச்சுது? எனக்கு வெடிக்கலையே! கீறுன பெறவும் மேல்மாடி முழுக்க அதுலதான அடிச்சேன். ஒண்ணும் ஆகலையே!"

இதை அவன் தன் கட்சிக்குச் சாட்சியாகச் சொன்னான். சொல்லிவிட்டு, எப்படி, என்பதுபோல் அவளைப் பார்த்தான்.

"முழுக்கவா?" என்றாள் கனிமொழி.

"முழுக்க."

மேல்மாடி என்றால் பொய்க் கூரைக்கு உள்ளே ஓடுகிற வெந்நீர்க் குழாய். கூரைக்குக் கீழே பெண்கள் படுக்கிற கட்டில். அவன் பேசிக்கொண்டே இருந்தான்: கசிகிற இடத்தில் எபாக்ஸிப் பசையை அப்பிவிடலாம், சாயங்காலத்துக்குள் இறுகிவிடும், ஹரிஷங்கருக்கு ஒன்றும் தெரியாது, அவன் பனியா வியாபாரி, தண்ணீர் நின்றால் போதும். அவள் ஆபீஸுக்குப் போன் போட்டு லீவு சொன்னாள். ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டாள்.

"நீ எங்க?"

"நானும் வாரேன்."

"நீ வந்து என்ன செய்யப் போற?"

அது அவளுக்கும் தெரியவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். அரவிந்தோ மார்க்கில் வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. தார்ப்பாய் இடுக்கு வழியாகக் குளிர் காதுக்குள் போனது. அவன் பசை வாங்குவதற்கு வழியில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னான். "வேண்டாம் பையா, சலோ" என்று அவள் ஆட்டோக்காரனிடம் சொன்னாள்.

விடுதியின் மேல்மாடி வராந்தாவில் மெத்தைகளைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள். அவை குடித்த தண்ணீரை மெல்லத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. பெண்கள் கம்பளிக்கு மேல் கம்பளியாகப் போட்டுக்கொண்டு, வாளியோடும் துடைப்பத்தோடும் நின்றார்கள். ஒருத்தி ஈரமான லேப்டாப்பை ஹேர் டிரையரால் காயவைத்துக்கொண்டிருந்தாள். மதுவைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். மூக்கு சிவந்திருந்தது.

அறைக்குள் ஒரு மேசை மேல் வடிவேலு நின்றிருந்தான். பெயரையும் இடத்தையும் அத்தான் வாயாலேயே ஆயிரம் தடவை கேட்டிருந்ததால் வழி விசாரித்து வந்துவிட்டான். உதவி செய்ய வந்தானா, அத்தானின் லட்சணத்தைப் பார்க்க வந்தானா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. மெயின் வால்வையும் பாய்லரையும் அடைத்துவிட்டிருந்தான். பொய்க் கூரையின் பலகைகளைக் கழற்றியதில் உள்ளே பைப்புகள் பளபளவென்று தெரிந்தன. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

ஹரிஷங்கர் தணிக்கைக்கு வந்த அதிகாரி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இளஞ்செழியனைப் பார்த்ததும், "இரண்டு ஜாயிண்ட் என்று சொன்னீர்களே, ரூம் முழுக்க மழை பெய்கிறது" என்றார் இந்தியில்.

"தோ ஹீ ஹை ஜி" என்றான் இளஞ்செழியன், அவனும் இந்தியிலேயே. "ரெண்டே ரெண்டு. இன்னைக்கே சரியாயிடும்."

"இல்லை" என்றாள் கனிமொழி.

ஹரிஷங்கர் அப்போதுதான் அவளைக் கவனித்தார். "ஆப்?" என்று, நீங்கள் யார் என்கிற முகத்தோடு கேட்டார்.

"மனைவி" என்றாள். அவளுக்குத் தெரிந்தது ஆபீஸ் இந்தி. குறிப்புக்கும் பதிலுக்கும் ஆனது. அதிலேயே சொன்னாள். இந்த மாடியிலுள்ள எல்லா ஜாயிண்ட்டும் உடைந்த கருவியால் போட்டது. உடைந்தது தெரிந்தேதான் போட்டார். இரண்டை மட்டும் அடைத்தால் மற்றது நாளை ஒழுகும், கொதிக்கிற தண்ணீராக ஒழுகும். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இவர் சொல்வதை நம்பாதீர்கள், பொய் சொல்கிறார். "யே ஜூட் போல் ரஹே ஹைம்."

இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் தமிழில் சொல்ல முடியாதது, இந்தியில் சுலபமாகத்தான் வந்தது.

"பைத்தியமா உனக்கு?" என்றான் இளஞ்செழியன் தமிழில், சிரித்த முகத்தோடு, மற்றவர்களுக்குப் புரியாதென்ற தைரியத்தில். "வீட்டுல பேச வேண்டியத எங்க வந்து பேசுத?"

மேசைமேல் நின்ற வடிவேலு தலைக்கு மேலிருந்த ஒரு ஜாயிண்ட்டை இரண்டு பக்கமும் பிடித்தான். ஒரு திருகு. ஒரு இழுப்பு. பைப் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. உள்ளே தங்கியிருந்த தண்ணீர் கட்டில் பலகையில் கொட்டியது. பெண்களில் ஒருத்தி, "ஹே பக்வான்" என்றாள். வராந்தாவில் நின்றவர்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஹரிஷங்கர் மேலே பார்த்தார். பிறகு இளஞ்செழியனைப் பார்த்தார்.

இளஞ்செழியன் தொண்டையைச் செருமினான். "அப்படிப் புடிச்சி இழுத்தா எதுதான் வராது?" என்றான்.

கனிமொழி சால்வையை எடுத்து நாற்காலியில் போட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, மேசையில் கால் வைத்தாள். மேசை ஆடியது. வடிவேலு கீழே குதித்தான். இறங்கு என்று சொல்லவில்லை. அவள் ஏறி நிற்கிற வரைக்கும் மேசையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

அவள் அடுத்த ஜாயிண்ட்டைப் பிடித்தாள். விரல் மரத்துப்போகிற குளிர். முதல் திருகலில் அசையவில்லை. இரண்டாவதில் உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்தது. இழுத்தாள். வந்துவிட்டது. தண்ணீர் கை வழியாக ஓடி, ஸ்வெட்டர் கைக்குள் புகுந்து, அக்குள் வரைக்கும் போனது.

பைப்பைக் கீழே நீட்டினாள். "புடிங்க."

இளஞ்செழியன் இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டான். "கீழ ஒரு டீ குடிச்சிட்டு வந்திருதேன். வெறும் வயிறு" என்றான். வாசலில் நின்ற பெண்கள் அவனுக்கு வழி விடுவதற்காக அல்ல, அவன்மேல் படாமலிருப்பதற்காக விலகினார்கள். படியில் அவன் ஷூ சத்தம் கேட்டுக்கொண்டே போய் நின்றது.

மூக்கு சிவந்த பெண் ஹேர் டிரையரை வைத்துவிட்டு வந்து கை நீட்டினாள். "இதர் தீஜியே, ஆன்ட்டி."

கனிமொழி பைப்பை அவளிடம் கொடுத்துவிட்டு, அடுத்ததைப் பிடித்தாள்.